என் குரலில் அப்பாவிடம் பேசியவன்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் குரலையே இனிக் கேட்பதில்லை என்று அன்றைக்கு வாசலில் நின்று சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஆள் இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்பதால் போன் செய்யாமல் தாளில் எழுதுகிறேன். அப்பாவை முதியோர் விடுதியில் விட்டுவிடலாம் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் இது அதைப் பற்றிய கடிதம் இல்லை.

நேற்று அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நடக்கவில்லை. இத்தோடு இரண்டாவது முறை. "பையன் வரேன்னு சொல்லியிருக்கான், அவன் வந்தப்புறம்தான் போவேன்" என்று காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். படியில் யார் ஏறி வந்தாலும் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. கீழ்வீட்டுத் தையல்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், மீட்டர் பார்க்க வந்தவர், எல்லோரையும் "வாடா" என்றார். மதியம் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு இன்றைய நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார்.

இடது கண் போனது உனக்குத் தெரியும். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. இந்த மாதம் தாண்டினால் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை என்கிறார் டாக்டர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். டாக்டர்கள் மிரட்டுவதற்காகச் சொல்வது எது, உள்ளதைச் சொல்வது எது என்று எனக்குத் தெரியும். இது உள்ளது.

வர முடியாது என்றால் முடியாது என்று சொல்லித் தொலையேன். தினமும் பிற்பகலில், நீ வாங்கி வைத்துவிட்டுப் போன அந்தக் கேமரா வைத்த பேசும் பெட்டியில் அவரோடு மணிக்கணக்காகப் பேசுகிறாய், அதை நான் குறை சொல்லவில்லை. வாரத்தின் நடுவில் வரும் என் விடுமுறை நாளில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாலும் காதில் விழத்தான் செய்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. தீயணைப்பு நிலையத்து நாய்க் கதையை அவர் எத்தனை தரம் சொன்னாலும் பொறுமையாகக் கேட்கிறாய், சரியான இடத்தில் சிரிக்கிறாய். தீயணைப்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் "எங்க ஸ்டேஷன்ல ஒரு நாய் இருந்துச்சு" என்று ஆரம்பித்தாலே நீ செருப்பைத் தேடுவாய். அவ்வளவு திருந்தியவனுக்கு ஒரே ஒரு நாள் லீவு போட முடியாதா?

கெஞ்சிக் கூத்தாடி மூன்றாவது தேதி வாங்கியிருக்கிறேன், 27. வருவாயா மாட்டாயா, ஒரு வரி எழுது. ஆசை காட்டி மோசம் செய்யாதே.

அக்கா

*

பிப்ரவரி 13

வார்டனுக்கு,

இப்படி ஆரம்பித்ததற்காகக் கிழித்துப் போட்டுவிடாதே. பிறந்ததிலிருந்து உன்னை வேறு எப்படியும் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் கோபம் வந்தது, பிறகு வரவில்லை. பிறகு வந்தது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லவே இல்லை. ஒரு முறைகூட இல்லை. வராதே என்று சொன்னது அவர்தான். "ஆபரேஷனுக்கு ஒண்ணும் அவசரம் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ வந்து நின்னா உங்க அக்கா வீட்டை விட்டே போயிடுவேங்கிறா. கொஞ்ச நாள் ஆறப்போடுடா" என்றார். அப்பாவின் குரலில், அப்பா வழக்கமாகப் பெருமூச்சு விடும் இடத்தில் அதே பெருமூச்சோடு சொன்னார். நான் நம்பினேன். நீ அப்படிச் சொல்லக்கூடியவள்தானே என்றும் நினைத்தேன்.

இன்னொன்று. தினமும் பிற்பகல் என்கிறாய். பிற்பகலில் நான் ஆபீஸில் இருப்பேன், போனைக்கூட வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பெட்டிக்குக் கூப்பிடுகிறேன். அதுவும் கொஞ்ச நேரம். "நல்லா இருக்கேன்", "சாப்பிட்டேன்", "வராதே", அவ்வளவுதான் பேசுகிறார். நாய்க் கதையை அவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அதன் முடிவு என்னவென்றே எனக்குத் தெரியாது. கடைசி வரை நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை.

அவருக்கு ஞாபகம் பிசகுகிறதா? சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டுப் பார். நான் பழைய அறையைக் காலி செய்துவிட்டு பஸ் டெப்போவுக்கு எதிரே புது அறைக்கு வந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் விவரமாகச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறதா?

தம்பி

*

பிப்ரவரி 17

தம்பிக்கு,

தெரியாது.

பஸ் டெப்போவும் தெரியாது, புது அறையும் தெரியாது. "அவன் எங்க மாறினான்? அதே ரூம்லதான் இருக்கான், ஜன்னல்ல புறா கூடு கட்டியிருக்குன்னு நேத்துக்கூட சொன்னானே" என்றார். ஞாபகம் ஒன்றும் பிசகவில்லை. போன வாரம் கடைக்காரன் பாக்கி தந்த சில்லறையைக்கூடச் சரியாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் அவன் பேச மாட்டாம்மா. அன்னைக்கு அவனுக்கு வேற வேலை இருக்காம்" என்றார்.

படித்துவிட்டு நன்றாக யோசி. நீ கூப்பிடும் அந்த ஒரு நாளில் மட்டும் அவனுக்கு வேறு வேலை.

மதியச் சொட்டு மருந்தை அப்பா ஒரு நாளும் தவறவிடுவதில்லை. நான் வேலையில் இருக்கும்போது அவராகவே போட்டுக்கொள்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்டால் "தம்பிதான் ஞாபகப்படுத்துறான்" என்கிறார்.

இதற்கு மேல் எழுதுவதைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. மேலே உள்ளதை அப்பாவின் அறையில், சுவரை ஒட்டிய மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் எப்போதும் போலத்தான். அலமாரியில் இருந்த பெட்டி, அவர் தூக்கம் கலையாதபடி மெதுவாக, உன் குரலில் பேசியது.

"அக்கா, யாருக்கு எழுதுற?"

திரும்பிப் பார்த்தேன். எப்போதும் கட்டிலைப் பார்த்திருக்கும் அந்தக் கேமராக் கண் மேஜைப் பக்கம் திரும்பியிருந்தது.

என் வாழ்நாளில் நீ என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. வார்டன், போலீஸ், மாமியார், ஏய், இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தாளை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

டேய், அது நீ இல்லையே? விளையாட்டாக ஏதாவது செய்கிறாய் என்றால் இப்போதே சொல்லிவிடு, திட்டிவிட்டு மன்னித்துவிடுகிறேன். நீ இல்லையென்றால் எங்கள் வீட்டுக்குள் இருப்பது யார்?

அக்கா

*

பிப்ரவரி 20

வார்டன்,

உறையின் மேலே எழுதியிருப்பதைப் பார்த்து மொட்டை மாடிக்குப் போய்த்தான் பிரித்திருப்பாய் என்று நம்புகிறேன். இதை வீட்டுக்குள் கொண்டுபோகாதே.

அது நான் இல்லை.

பிறர் நிறுவனங்களுக்குப் போய் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று சோதித்துச் சொல்வதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். கதவு என்றால் நிஜக் கதவு இல்லை. இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எண் போட்ட வாசல்கள் உண்டு, போர்ட் என்போம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல். தேவையானதை மட்டும் திறந்து, மற்றதையெல்லாம் அடைத்து வைக்க வேண்டும். இதை வாரம் ஒரு கூட்டத்தில் நின்று பாடம் நடத்துகிறேன். நம் வீட்டில் நான் செய்துவிட்டு வந்ததோ நேர்மாறு.

பெட்டிக்குள் 23 என்று ஒரு வாசல் உண்டு. பழங்காலத்து வாசல், தொழிற்சாலையில் செய்தவர்கள் தங்கள் வசதிக்காகத் திறந்தே விட்டிருந்தார்கள். அதற்கான பாஸ்வேர்டு எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான், ஊருக்கே தெரியும். நான் அதை மூடவும் இல்லை, மாற்றவும் இல்லை. அவன் யாரோ, முதலில் நுழைந்தது அந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். நுழைந்ததும் கேமராக் கண்ணுக்கு நேர் எதிரே என்ன தெரியும்? கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் படம். தீயணைப்பு வண்டிக்கு முன்னால் சீருடையில் அப்பா, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வண்டி நம்பர். அந்த நம்பர்தான் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பாஸ்வேர்டு. வெளியூரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுவதற்காக 3389 என்ற வாசலையும் உலகத்துக்கே திறந்து வைத்திருந்தேன். சாவியைப் படமாக எடுத்து வாசலுக்கு எதிரே மாட்டிவைத்தவன் நான்.

நான் பெட்டிக்குக் கூப்பிடுவது நேராகப் போவதில்லை, அந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. அதற்குள் உட்கார்ந்திருப்பவன் என் அழைப்பைத் தானே எடுக்கலாம். கொஞ்ச நேரம் பேசிய பதிவு இருந்தால் போதும், யாருடைய குரலையும் அச்சு அசலாகச் செய்துவிடும் மென்பொருள் இப்போது உண்டு. அப்பாவிடம் என் குரலில் பேசியிருக்கிறான். என்னிடம் அப்பாவின் குரலில் பேசியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு வேறு வேலை என்று எழுதினாயே, அன்றைக்கு அவன் அப்பாவாக இருந்தான்.

ஏன் என்றால், நான் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் போதும், அவனைக் கண்டுபிடித்துவிடுவேன். அதனால் என்னை வரவிடாமல் பார்த்துக்கொண்டான். ஆபரேஷனுக்கென்று நான் வந்துவிடக் கூடாதே என்று, அதைத் தள்ளிப்போட அப்பாவைக் காத்திருக்க வைத்தான். நம் சண்டை அவனுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என் ஆபீஸுக்கும் ஒரு வழி வைத்திருந்தேன், அவனுக்கு வேண்டியது அதுவாக இருக்கலாம். இன்று காலை மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும். அவர்கள் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் நான் இங்கிருந்து கிளம்ப முடியும்.

நீ செய்ய வேண்டியது. பெட்டியிடம் எதுவும் பேசாதே. முதலில் செருப்பு அலமாரிக்கு மேலே விளக்கு மினுக்கும் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கு. பிறகு கம்ப்யூட்டர், பிறகு பெட்டி. கம்ப்யூட்டரைத் திரும்பப் போடவே போடாதே, நான் வந்து துடைத்து எடுக்கிறேன். ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் ஓட்டை ஒன்று இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் நான் செய்துவைத்த அசட்டுத்தனமெல்லாம் அழிந்துவிடும். உன் போனிலிருந்து அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய்ப் புது பாஸ்வேர்டு வை. படத்தில் இருப்பதை வைக்காதே, யாருடைய பிறந்த நாளும் வேண்டாம். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்து. தானாக வாசல் திறந்துகொள்ளும் வசதி ஒன்று இருக்கும், அதையும் நிறுத்து. திறந்த வாசல்களின் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்.

அப்பாவிடம் நீயே சொல். எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 23

தம்பிக்கு,

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. உன்னை நினைத்துத்தான் யாரோ அந்தக் காலத்திலேயே சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீ சொன்னபடியே செய்தேன். செய்வதற்கு முன்னால் நடந்ததையும் கேள். தபால்காரர் உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்வரை அது மேஜைமேல் கிடந்தது, பெட்டியின் கண்ணில் படும்படி. உறையின் மேலே நீ கொட்டை எழுத்தில் "மாடிக்குப் போய்ப் பிரி" என்று எழுதியிருந்தாய். அறிவாளி! ரகசியம் என்று தண்டோரா போட்டு அனுப்பிய ஒரே ஆள் நீதான்.

மாடியில் படித்துவிட்டு இறங்கி வந்தால் அப்பா எழுந்து நிற்கிறார். கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ என்னவோ ஒயரைப் பிடுங்கப் போறியாமே. தம்பி சொன்னான். எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதாம்மா" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருகிறேன். அவர் சொல்வது நிஜம், பகலெல்லாம் அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

கையை விடுவித்துக்கொண்டு போய் ரவுட்டரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டரைப் பிடுங்கினேன். உன் வரிசைப்படி கடைசியாகப் பெட்டியின் பிளக்கில் கை வைத்தேன். இணையம் அறுந்த பிறகும் அதற்குள் ஏதோ மிச்சம் இருந்ததோ என்னவோ, அது பேசியது. உன் குரலில் இல்லை.

"வேண்டாம்மா."

அது அப்பாவின் குரல். அப்பா என் முன்னால்தான் நின்றிருந்தார், வாய் மூடியிருந்தது. அவருக்கும் கேட்டது. தன் குரல் அறையின் அந்த மூலையிலிருந்து வந்ததைக் கேட்ட மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

பிடுங்கிவிட்டேன். பெட்டியை ஒரு பழைய துண்டில் சுற்றித் தையல்காரரின் வெட்டுத் துணி மூட்டைக்குள் போட்டிருக்கிறேன். ரவுட்டரை மட்டும் திரும்பப் போட்டு, ஊசி குத்தி, பாஸ்வேர்டு மாற்றி, நீ சொன்ன இரண்டையும் நிறுத்தினேன். பட்டியல் காலி.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். "அப்போ இவ்வளவு நாளா நான் யாருகிட்டம்மா பேசிட்டிருந்தேன்?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். இனி எந்தக் குரலையும் நம்ப மாட்டாராம். என்னிடம்கூடக் கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேசுகிறார்.

புது இயந்திரத்துக்குப் பயிற்சி என்று எங்கள் பரிசோதனைக் கூடத்தில் என்னை வெளியூர் அனுப்புகிறார்கள். அப்பாவின் ஆபரேஷனைக் காட்டியே இரண்டு முறை தட்டிக் கழித்துவிட்டேன், இந்த முறை போகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. 26 காலை பஸ். நீ அன்று மாலைக்குள் வந்தாக வேண்டும். மறுநாள் காலை ஆபரேஷன். இன்னொரு தேதி தரமாட்டார்கள், தந்தாலும் கண் காத்திருக்காது. நீ வரும்வரை தையல்காரர் கூட இருப்பார், சாவியும் அவரிடம்தான். நாம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருக்காது, உனக்கும் நிம்மதி.

தபால் தாமதமாகும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இந்த முறை நிஜமாகவே வா. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இந்த வீட்டில் அதைப் பழமொழியாகச் சொல்ல முடியவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 24

வருகிறேன். நானேதான்.

ஆமை

*

மார்ச் 2

வார்டன்,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைத் தையல்காரர் உனக்குப் போனில் சொல்லியிருப்பார். நானும் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் காதில் என் குரல் விழுவதற்குக் கொஞ்ச நாள் போகட்டும் என்று தோன்றுகிறது. உன் சபதத்துக்காக இல்லை. என் குரலைக் கேட்டாலே இப்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

26 மாலை வந்தேன். அப்பா கட்டில் ஓரத்தில் அதே இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "அப்பா" என்றேன். அவர் திரும்பவில்லை.

"யாரு?"

"நான்தாம்பா."

"அவனும் நான்தான்னுதான் சொன்னான்."

பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கொடுத்தேன். விரல் விரலாகத் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "உன் கையைப் பிடிச்சு எவ்வளவு வருஷம் ஆச்சு, எனக்கு என்ன தெரியும்" என்றார். கீழ்வீட்டுக்காரர் சாட்சி சொன்னார். "உங்களுக்கு என் பையனைத் தெரியுமா, பார்த்திருக்கீங்களா?" என்று அவரையே மடக்கினார் அப்பா. அந்த மனிதர் நம் வீட்டுக்குக் கீழே குடிவந்ததே நான் போன பிறகுதானே, என்ன சொல்வார்?

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சைக்கிளிலிருந்து விழுந்து பல் உடைந்தது, அம்மா என்னை ஆமை என்று முதலில் கூப்பிட்ட நாள், பரீட்சையில் தோற்றுவிட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தது. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "இதெல்லாம் நானே அவன்கிட்ட சொல்லியிருக்கேன். எதை விட்டுவச்சேன், எல்லாத்தையும் கொட்டிட்டேனே" என்றார். என்னிடம் சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை. காலையில் யாரோடு ஆபரேஷனுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். "யாரோடயும் இல்லை" என்றார். அந்தக் கண் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கேட்டார். "எங்க ஸ்டேஷன் நாய்க் கதை தெரியுமா?"

"தெரியும்பா."

"கடைசித் தீ விபத்துல அது எங்க நின்னு குரைச்சுது? உள்ளே போய் யாரைக் கொண்டாந்தோம்?"

எனக்குத் தெரியாது. "யாராவது குழந்தையா?" என்றேன். "பாட்டியம்மாவா? இல்லை, பூனையா?" என்று உளறிக்கொண்டே போனேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு நிஜமாகவே அழுதார்.

"அவனா இருந்தா டக்குனு சொல்லியிருப்பான். நீதான்டா. நீதான் என் பிள்ளை. ஒரு நாளாவது கடைசி வரைக்கும் கேட்டிருக்கியா நீ?"

அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் பிள்ளைதான் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். நாளை கட்டுப் பிரிக்கிறார்கள். பார்வை பாதியாவது திரும்பும் என்கிறார் டாக்டர்.

வீட்டுக் கதவுகளை முழுதாகப் பார்த்துவிட்டேன். பழைய கம்ப்யூட்டரைத் துடைத்தாகிவிட்டது. 23, 3389, கேமராப் படம் வெளியே போகும் 554 என்ற வாசல் எதுவும் இப்போது வெளியே பார்த்து நிற்கவில்லை. நான் வெளியூரிலிருந்து வரவேண்டுமானால் ஒரே ஒரு மூடிய வழி, அதன் சாவி என்னிடம் மட்டும். ஆபீஸில் வேலை போகவில்லை, ஆனால் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டார்கள். அதைவிட உறுத்துவது ஒன்று இருக்கிறது. அங்கே எல்லாப் பதிவுகளையும் அலசிப் பார்த்தோம். என் கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸுக்கு இருந்த வழியை அவன் தொடவே இல்லை. சாவி இத்தனை காலம் அவன் கையில் இருந்திருக்கிறது, ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியானால் அவனுக்கு என்னதான் வேண்டியிருந்தது?

எந்த வீட்டு ரவுட்டரையும் ஏதாவது இயந்திரங்கள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டேதான் இருக்கும், அதை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரு தட்டல் மட்டும் அப்பா பெட்டியோடு பேசிக்கொண்டிருந்த அதே பிற்பகல் நேரம் பார்த்து வருகிறது. 3389இல் ஒரு தட்டு, 23இல் ஒரு தட்டு. திறக்கவில்லை என்றதும் போய்விடுகிறது. மறுநாள் அதே நேரத்துக்கு வருகிறது. அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

இன்று பதிவில் அது விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கட்டுப் போட்ட முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பினார். அங்கே இப்போது சொட்டு மருந்துப் புட்டிதான் இருக்கிறது.

"வந்துட்டானா?" என்றார்.

"வந்துட்டான். பூட்டியிருக்கு."

"பாவம்டா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "உங்க கண்ணையே பறிக்கப் பார்த்தான்பா அவன்" என்றேன்.

"தெரியும். பாவம்னுதான் சொன்னேன், திறன்னு சொல்லலையே. நல்லா பூட்டி வை." கட்டிலைத் தட்டிக் காட்டினார். "இப்படி உட்காரு. முதல்ல இருந்து சொல்றேன்."

உட்கார்ந்தேன். அதிகாரியின் தொப்பியை அந்த நாய் தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாகத்தான். வண்டி போன இடமெல்லாம் பின்னாலேயே ஓடிவந்த கதையைச் சொன்னார். கடைசியில் அந்த மாடி வீட்டுத் தீ. தலை எண்ணிப் பார்த்து வீட்டு ஆட்கள் எல்லோரையும் வெளியே கொண்டுவந்தாகிவிட்டது. நாய் மட்டும் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மறுபடி உள்ளே போனார்கள். மேல்மாடியில், அலமாரிக்குப் பின்னால், ஒரு ஆள்.

"வீட்டுக்காரங்க ஒருத்தருக்கும் அவன் யாருன்னு தெரியலை. எத்தனை நாளா அங்க இருந்தான்னும் தெரியலை. வெளியே கொண்டாந்து தண்ணி கொடுத்தோம். குடிக்கலை. அந்த வீட்டுப் பிள்ளைங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லி, எல்லாரும் வந்துட்டாங்களான்னு கேட்டான். அப்புறம் எழுந்து போயிட்டான்."

அப்பா நிறுத்திவிட்டுச் சட்டைப் பொத்தானை நிமிண்டிக்கொண்டிருந்தார். "இந்த இடம் வந்தா மட்டும் பெட்டிக்குள்ள இருந்தவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்டா. சிரிக்கவும் மாட்டான். வச்சிடறேன்பான்."

நானும் ஒன்றும் சொல்லவில்லை, வார்டன். ஆனால் எழுந்தும் போகவில்லை.

நீ பயிற்சி முடிந்து வரும்வரை இங்கேதான் இருப்பேன், வந்த பிறகும் கொஞ்ச நாள் இருப்பேன். விடுதி என்று நான் சொன்னதை நீ மறக்க வேண்டாம், திட்டுவதற்கு வைத்துக்கொள். சாவி இப்போது தையல்காரரிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. வந்ததும் கதவைத் தட்டி "டேய் ஆமை" என்று கூப்பிடு. சும்மா தட்டினால் திறக்க மாட்டேன்.

ஆமை